பெட்டி நிறைய டிரைவர் சிடி இருக்கு, தூக்கிப் போடவா?

பதிவு 1
தாள்சுருள் (விருதுநகர்)

எல்லாருக்கும் வணக்கம். சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, இதுதான் பிழைப்பு. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் கணினி சர்வீஸ் பார்த்தேன்.

2007ல் நானே அசெம்பிள் செய்த ஒரு மெஷின் கடையில் இன்னும் ஓடுகிறது. இன்டெல் 945 சிப்செட் மதர்போர்டு, 2 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் இருக்கின்றன. இத்தனை வருஷத்துப் பத்திரிகைகளும் அதே எழுத்துருவில். யாராவது வந்து "எங்க அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும்" என்றால், கோப்பைத் திறந்து பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

போன வாரம் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. டேட்டா தப்பித்தது. புது எஸ்எஸ்டி வாங்கி எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 போட்டேன். இப்போது பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் நாலு மஞ்சள் கேள்விக்குறி, அதாவது அந்தப் பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. நெட் இல்லை, சத்தம் இல்லை, திரையில் ஐகான் எல்லாம் இட்லி சைஸுக்குத் தெரிகிறது. போர்டோடு வந்த சிடி எங்கே போனது என்று தெரியவில்லை. தேடலில் முதலாவதாக வந்த ஒரு 'டிரைவர் அப்டேட்டரை' மகன் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து ஓட்டினேன். இரண்டு ஆன்டிவைரஸும் ஒரு டூல்பாரும் டெஸ்க்டாப்பில் ஒரு ரம்மி ஐகானும் வந்தன. லேன் (நெட் கேபிள்) டிரைவர் மட்டும் வரவில்லை. வெறுத்துப்போய் எக்ஸ்பியை மறுபடி முதலிலிருந்து போட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

கேள்வி இரண்டு. ஒன்று, இதை எப்படித் தேற்றுவது? இரண்டாவது, சர்வீஸ் காலத்து டிரைவர் சிடிகள் பரண் மேல் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. வீட்டில் "ஒன்று அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்" என்கிற நிலை. தூக்கிப் போட்டுவிடலாமா?


பதிவு 2
ரிச்சி_வாசல் (சென்னை)

அண்ணாச்சி, பெட்டியில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். முதலில் மெஷினைப் பார்ப்போம்.

சாதனத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். மஞ்சள் குறி மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ். அங்கே 'வென்' என்று ஆரம்பித்து நாலு இலக்கம், 'டெவ்' என்று இன்னொரு நாலு இலக்கம் இருக்கும். முதலாவது சிப் செய்தவர் யார், இரண்டாவது எந்தச் சிப். இன்டெலுக்கு 8086, தன் பழைய பிராசஸரின் பெயரையே அடையாள எண்ணாக எடுத்துக்கொண்டது. ஏடிஐக்கு 1002. எஸ்ஐஎஸ் 1039, வியா 1106, கிரியேட்டிவ் 1102. உங்கள் வீடியோவில் 8086, 2772 என்று வந்தால் அது 945ஜியில் உள்ள உள்ளமை கிராஃபிக்ஸ். லேனில் 10இசி என்று வந்தால் ரியல்டெக்.

இந்த எண்களுக்குப் பெயர் சொல்லும் பட்டியலே பொதுமக்கள் சேர்த்ததுதான். லினக்ஸில் 'எல்எஸ்பிசிஐ' அடித்தால் கார்டு பெயர்கள் வரிசையாக வருமே, அதற்குப் பின்னால் இருப்பது பிசிஐ ஐடி களஞ்சியம். செக் நாட்டு நிரலாளர் மார்ட்டின் மாரேஷ் தொடங்கி வைத்தது. தன்னிடம் இருக்கும் கார்டு பட்டியலில் இல்லையென்றால் யாரும் எண்ணையும் பெயரையும் அனுப்பலாம். நானே இரண்டு சேர்த்திருக்கிறேன்.

எண் கிடைத்ததும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் அதைப் போட்டுத் தேடுங்கள். எக்ஸ்பி காலத்து டிரைவர்கள் பல இன்னும் 'கேப்' என்ற சுருக்கக் கோப்பாகக் கிடைக்கின்றன. வேறு மெஷினிலிருந்து இறக்குங்கள். எக்ஸ்பியில் உள்ள இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8க்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு இணைப்பு முறை தெரியாது, பாதித் தளம் திறக்கவே திறக்காது.

ஒரு துணைக் கேள்வி. எஸ்எஸ்டியை எக்ஸ்பி சிடியிலேயே பார்ட்டிஷன் செய்தீர்களா? எக்ஸ்பி 63வது செக்டரில் ஆரம்பிக்கும், எஸ்எஸ்டிக்கு அது ஒத்துவராது. புது விண்டோஸிலோ லினக்ஸிலோ 2048வது செக்டரில் பார்ட்டிஷன் போட்டுவிட்டு எக்ஸ்பியை அதில் இறக்கியிருக்க வேண்டும். ஓடும், ஆனால் எஸ்எஸ்டிக்கு வீண் உழைப்பு.


பதிவு 3
பென்டிரைவ்_பாண்டி (மதுரை)

ஒவ்வொன்றாக எண் தேடி உட்கார்ந்தால் ஐப்பசி முகூர்த்தமே முடிந்துவிடும் அண்ணாச்சி. ஸ்னாப்பி டிரைவர் இன்ஸ்டாலர் ஆரிஜின் எடுங்கள். கட்டற்ற மென்பொருள், இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், பென் டிரைவிலிருந்து நேராக ஓடும். எக்ஸ்பியிலும் வேலை செய்யும்.

முதல் முறை திறந்ததும் மூன்று வழி காட்டும். எல்லா டிரைவர் பேக்கும் இறக்கு, நெட்வொர்க் பேக் மட்டும் இறக்கு, இன்டெக்ஸ் மட்டும் இறக்கு. நல்ல மெஷினில் 'நெட்வொர்க் மட்டும்' போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். லேன் வந்துவிட்டால் மீதியை உங்கள் மெஷினே இறக்கிக்கொள்ளும். முழுத் தொகுப்பும் வேண்டுமென்றால் பத்துக்கணக்கான ஜிபி, டொரண்டில்தான் வரும். நான் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் முழுக்க அதற்கே ஒதுக்கி, கஸ்டமர் வீட்டுக்கு டிஃபன் கேரியர் மாதிரி தூக்கிக்கொண்டு போவேன்.


பதிவு 4
கயல்நிரல் (பெங்களூரு)

பாண்டி சொன்ன கருவி நல்லதுதான். ஆனால் பெயரைச் சரியாகப் பாருங்கள், கடைசியில் 'ஆரிஜின்' இருக்க வேண்டும். மூலத் திட்டம் கிளை பிரிந்த பிறகு அதே மாதிரிப் பெயரில் வேறு தளங்களும் வந்துவிட்டன. இறக்கியதை வைரஸ் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொன்று. அது காட்டுகிற எல்லாவற்றையும் டிக் செய்து 'இன்ஸ்டால்' அழுத்தாதீர்கள். வேலை செய்கிற சாதனத்துக்கு டிரைவர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. என் அப்பாவின் லேப்டாப்பில் தம்பி ஒருமுறை அப்படி அழுத்திவிட்டான். டச்பேடுக்கு 'இன்னும் புதியது' என்று ஏதோ ஒன்றைப் போட்டது. அன்றிலிருந்து இரண்டு விரல் ஸ்க்ரோல் கிடையாது. அப்பா மவுஸ் வாங்கிக்கொண்டார், தம்பியோடு ஒரு வாரம் பேசவில்லை. மஞ்சள் குறி எதற்கு இருக்கிறதோ அதற்கு மட்டும். அதற்கு முன், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரெஸ்டோர் பாயின்ட்.

அப்புறம் அந்த எக்ஸ்பி மெஷின் நெட்டில் எதற்கு? ஆதரவு 2014 ஏப்ரல் 8ல் முடிந்துவிட்டது. லேன் வரட்டும், ஆனால் ரவுட்டரில் அதற்கு வெளி இணைப்பை அடைத்துவிடுங்கள்.


பதிவு 5
மெய்நிகர்_மாணிக்கம் (கோவை)

இவ்வளவு பாடு எதற்கு? புது மெஷினில், மெஷினுக்குள் மெஷின் ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு அதற்குள் எக்ஸ்பி ஓட்டுங்கள். டிரைவர் தொல்லையே கிடையாது.


பதிவு 6
தாள்சுருள்

மாணிக்கம் தம்பி, நானும் அப்படித்தான் நினைத்தேன். தமிழ் மென்பொருளுக்கு ஒரு டாங்கிள் (உரிமப் பூட்டு) இருக்கிறது, பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகுவது. புது மெஷினில் அந்தப் போர்ட்டே இல்லை. விற்றவர் கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. டாங்கிளை நான் பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டுகிறேன்.

இப்போது நிலவரம். பாண்டி சொன்ன வழியில் லேன் வந்துவிட்டது. 10இசி, 8168. ரிச்சி அண்ணன் சொன்ன 8086, 2772 அப்படியே இருந்தது, வீடியோவும் வந்தது, ஐகான் எல்லாம் ஒழுங்கு சைஸுக்குத் திரும்பிவிட்டது. சவுண்டு மட்டும் அடம் பிடிக்கிறது. 'பிசிஐ டிவைஸ்' என்று மொட்டையாக ஒன்று நிற்கிறது. ரியல்டெக் செட்டப்பை ஓட்டினால் கடைசியில் பிழை காட்டி நின்றுவிடுகிறது.

எஸ்எஸ்டி பார்ட்டிஷன் எக்ஸ்பி சிடியில்தான் போட்டேன் அண்ணே. மறுபடி போட இப்போது தெம்பில்லை.


பதிவு 7
ரிச்சி_வாசல்

இது பழைய வியாதி. 2005, 2006 வாக்கில் ஏசி 97 என்ற பழைய ஒலி முறை போய் ஹெச்டி ஆடியோ வந்தது. எக்ஸ்பிக்கு ஹெச்டி ஆடியோ என்றால் என்னவென்றே தெரியாது. ரியல்டெக் டிரைவர் உட்காருவதற்கு முன் அடியில் ஒரு பஸ் டிரைவர் வேண்டும். அதை மைக்ரோசாஃப்ட் தனியாக கேபி 888111 என்ற எண்ணில் கொடுத்தது. பலகை போடாமல் பந்திக்கு இலை போட்டால் எப்படி?

வம்பு என்னவென்றால், அந்தத் தொகுப்பு சர்வீஸ் பேக் 2க்காகச் செய்தது. சர்வீஸ் பேக் 3ல் ஓட்டினால் "உங்களிடம் இருப்பது இதைவிடப் புதியது" என்று சொல்லி வெளியேறிவிடும். பஸ் டிரைவர் மட்டும் வந்திருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். ரியல்டெக் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே எம்எஸ்ஹெச்டிக்யூஎஃப்இ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் எக்ஸ்பி, அதற்குள் மொழிவாரியாக 888111 இருக்கும். அதை ஓட்டாதீர்கள். 7-ஜிப்பால் விரித்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த மொட்டை 'பிசிஐ டிவைஸ்' மேல் வலது கிளிக், அப்டேட் டிரைவர், நானே இடம் காட்டுகிறேன் என்று அந்த ஃபோல்டரில் உள்ள ஹெச்டிஏயூடிபஸ் இன்ஃப் (நிறுவல் விவர) கோப்பைக் காட்டுங்கள். மொட்டைப் பெயர் போய் 'மைக்ரோசாஃப்ட் யுஏஏ பஸ் டிரைவர் ஃபார் ஹை டெஃபனிஷன் ஆடியோ' என்று வந்ததும் ரியல்டெக் செட்டப்பை ஓட்டுங்கள். உட்கார்ந்துவிடும்.

இதற்காக ஒரு காலத்தில் ஆளுக்கு 150 ரூபாய் வாங்கியிருக்கிறேன். இப்போது இலவசம்.


பதிவு 8
வூடூ_மாமா (சிங்கப்பூர்)

ரிச்சி சார் பதிவைப் படித்ததும் எனக்கு விண்டோஸ் 98 ஞாபகம் வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், கொஞ்சம் கிளை பிரிகிறேன்.

98ல் பென் டிரைவ் செருகினால் டிரைவர் கேட்கும். டிரைவர் எங்கே இருக்கிறது? பென் டிரைவில்! சாவியை உள்ளே வைத்துப் பூட்டின கதை. ஒவ்வொரு பென் டிரைவ் கம்பெனிக்கும் தனி டிரைவர். ஆர்வலர்கள் சேர்ந்து எந்தப் பென் டிரைவுக்கும் ஆகும்படி ஒரே தொகுப்பாகச் செய்தார்கள், என்யூஎஸ்பி என்று பெயர். 98ல் யூஎஸ்பி வேண்டும் என்றால் இன்றைக்கும் அதுதான் வழி. சிடியில் எழுதி எடுத்துப் போவேன்.

என் முதல் வூடூ 3 கிராஃபிக்ஸ் கார்டு சிம் லிம் ஸ்கொயரில் வாங்கியது. செய்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 2000 கடைசியில் தன் சொத்துகளை என்விடியாவிடம் விற்றுவிட்டுக் கடையைக் கட்டியது. அதற்குப் பிறகும் வூடூ 4, 5 கார்டுகளுக்கு எக்ஸ்பி டிரைவர் வந்துகொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? எல்லாம் ரசிகர்கள் செய்தது. அமிகாமெர்லின் ஒன்று, எஸ்எஃப்எஃப்டி ஒன்று. இப்போது அவையெல்லாம் வோகன்ஸ் டிரைவர் நூலகத்தில் இருக்கின்றன. பழைய சவுண்டு கார்டு, விஜிஏ கார்டு என்றால் நான் நேராக அங்கேதான் போவேன். மதர்போர்டுக்கு தி ரெட்ரோ வெப். போர்டின் படம், ஜம்பர் விவரம், பயாஸ், டிரைவர் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும்.

பெரியவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி: டிரைவர்கைடு தளத்தின் பொதுப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஞாபகம் இருக்கிறதா?


பதிவு 9
ரிச்சி_வாசல்

'டிரைவர்ஸ்', 'ஆல்'. பெண்டாட்டி பிறந்தநாள் மறந்தாலும் அது மறக்காது.


பதிவு 10
பாலிடெக்னிக்_மணி (தர்மபுரி)

அண்ணன்களா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அரசு கொடுத்த லேப்டாப், அக்காவுக்கு 2014ல் வந்தது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தது. இப்போது எனக்கு வந்திருக்கிறது. அடியில் ஸ்டிக்கர் அழிந்துவிட்டது, மாடல் நம்பர் தெரியவில்லை. விண்டோஸ் 8.1 இன்னும் ஓடுகிறது. ஃபார்மேட் அடித்து 10 போடலாமா?


பதிவு 11
கயல்நிரல்

மணி, நிறுத்து, இன்னும் ஃபார்மேட் அடிக்கவில்லைதானே? உன் மெஷினுக்கான மிக நல்ல டிரைவர் தொகுப்பு உன் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. 8.1ல் நிர்வாகியாகக் கட்டளைத் திரை திறந்து 'டிஸ்ம்' கட்டளையில் 'எக்ஸ்போர்ட்-டிரைவர்' என்ற விருப்பத்தைப் பயன்படுத்தினால், வெளியிலிருந்து போட்ட எல்லா டிரைவரும் இன்ஃப் கோப்புகளோடு ஒரு ஃபோல்டருக்குள் வந்துவிடும். அதைப் பென் டிரைவில் வை. விண்டோஸ் 7 என்றால் டபுள் டிரைவர் என்ற சின்னக் கருவி அதே வேலையைச் செய்யும்.

10 போடுவதா என்பது வேறு விஷயம். அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. படிப்புக்கு மட்டும் என்றால் லினக்ஸே போதும். மேற்கொண்டு தனி இழை திற, அங்கே வருகிறேன்.


பதிவு 12
தாள்சுருள்

ரிச்சி அண்ணே! எக்ஸ்பி ஆரம்ப இசை இப்போதுதான் கேட்டது. கடைப் பையன் ஓடி வந்து "என்னண்ணே சத்தம்" என்கிறான். அவன் பிறந்ததே 2006.

லேன் வந்தும் பக்கத்து விண்டோஸ் 11 மெஷினில் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை. எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை அதில் அணைத்து வைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அதைத் திறந்துவிட மனசில்லை, பிடிஎஃப்பைப் பென் டிரைவில்தான் தூக்கிப் போகிறேன்.

சரி, இனி பெட்டி.


பதிவு 13
மெய்நிகர்_மாணிக்கம்

அண்ணாச்சி, உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். தூக்கிப் போடுங்கள். இன்டெல், ரியல்டெக், என்விடியா எல்லாம் நிறுவனத் தளத்திலேயே இருக்கும். இல்லாவிட்டால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் இருக்கும்.


பதிவு 14
ரிச்சி_வாசல்

இருக்கும் என்று நாங்களும் நினைத்தோம் தம்பி. 2019 நவம்பரில் இன்டெல் தன் பழைய போர்டுகளின் பயாஸ், டிரைவர் பக்கங்களில் "22ஆம் தேதிக்குப் பிறகு கிடைக்காது" என்று ஒரு வரி போட்டது. உலகம் முழுக்க ஆட்கள் ராத்திரி பகலாக இறக்கி இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினார்கள். 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் கையெழுத்திட்ட பதிவிறக்கங்களைத் தூக்கியது. அதே சமயத்தில் எக்ஸ்பியில் விண்டோஸ் அப்டேட்டும் படுத்துவிட்டது. இன்றைக்கு 2000லும் எக்ஸ்பியிலும் அப்டேட் வருகிறது என்றால் அது லெகசி அப்டேட் என்ற ஆர்வலர் திட்டத்தால்.

வேபேக்கில் பக்கம் இருக்கும், கோப்பு இருக்காது. பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினால் காலி. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.


பதிவு 15
பனைமரம் (யாழ்ப்பாணம்)

ரிச்சி அண்ணை சொல்வது சரி. எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஹெச்பி லேசர்ஜெட் 1020. இங்கே பள்ளிக்கூடம், தபால் கந்தோர், போட்டோகொப்பிக் கடை எங்கும் அதுதான். அந்த பிரிண்டருக்குச் சொந்தமாக நிரந்தர ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) கிடையாது. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கணினி அதற்கு ஃபர்ம்வேரை அனுப்ப வேண்டும், பிறகுதான் அதற்கு உயிர் வரும். லினக்ஸில் இதைச் செய்தது ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற டிரைவர். ஒரு தனி மனிதர் எழுதி, தன் தளத்தில் வைத்திருந்தார். டிரைவரை டெபியன் என்ற லினக்ஸ் வகை தன் களஞ்சியத்தில் சேர்த்துக்கொண்டது. ஃபர்ம்வேர் கோப்பு ஹெச்பியின் உடைமை என்பதால் அதைச் சேர்க்க முடியவில்லை. ஆகவே 'கெட்வெப்' என்று ஒரு ஸ்கிரிப்ட், அது அந்த மனிதரின் தளத்தில் இருந்து இறக்கித் தரும்.

ஒரு நாள் அந்தத் தளம் இல்லை.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் அடிக்க லினக்ஸ் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஸ்கிரிப்ட் ஓடுகிறது, இறங்கவில்லை. பிரிண்டர் பச்சை விளக்கோடு பேசாமல் நிற்கிறது. டிரைவர் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, சின்னதாக ஒரு கோப்பு மட்டும் இல்லை. கடைசியில் இன்னொரு பள்ளிக்கூடத்தின் பழைய உபுண்டு கணினியில், ஃபர்ம்வேர் ஃபோல்டருக்குள் அந்தக் கோப்பு கிடந்தது. மோட்டார் சைக்கிளில் போய் எடுத்து வந்தேன். பிறகு பார்த்தால் கிட்ஹப்பில் சிலர் முழுவதையும் நகலெடுத்து வைத்திருந்தார்கள். இப்போது நான் பாவிப்பது அதில் ஒன்றுதான்.


பதிவு 16
எடைமேடை (ஈரோடு)

எங்கள் தொழிலில் இதற்கு நேர் எதிர் கதை. இங்கே புது டிரைவர்தான் வில்லன். எடை மேடை இண்டிகேட்டர் சீரியல் கேபிளில் பேசும், லேப்டாப்பில் யூஎஸ்பிதான். நடுவில் ப்ரொலிஃபிக் பிஎல்2303 சிப் கேபிள். அந்தச் சிப்பின் பழைய ஹெச்எக்ஸ்ஏ வகையைப் புது டிரைவர் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரிலேயே "2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்" என்று சாதனத்தின் பெயராக எழுதிக் காட்டும். போலிச் சிப் என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லும். ஆகவே உலகம் முழுக்க ஆட்கள் 3.3.2.105 என்ற பழைய பதிப்பைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் அப்டேட் புதியதைப் போட்டுவிட்டால் 'ரோல் பேக்' செய்து பழையதை உட்கார வைக்க வேண்டும்.

நெல் லாரி வரிசையில் நிற்கும்போது இந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பதிப்பு எண்ணை இண்டிகேட்டர் பெட்டிமேல் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன்.


பதிவு 17
கயல்நிரல்

எடைமேடை அண்ணா, இயங்குவதால் நல்லது என்று ஆகிவிடாது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். டிரைவர் என்பது விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் போகிற விஷயம். 2020ல் ஒரு கொந்தர் (ஹேக்கர்) கும்பல், ஒரு மதர்போர்டு நிறுவனத்தின் பழைய, முறையாகக் கையெழுத்திட்ட, ஓட்டையுள்ள டிரைவரைத் தாங்களே கொண்டுபோய்ப் போட்டு, அதன் வழியாக ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரை ஏவியது. கையெழுத்து இருக்கிறது, கோப்பு அசல், இருந்தும் ஆபத்து. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் ஓட்டை டிரைவர்களுக்குத் தடைப் பட்டியல் வைத்து, விண்டோஸ் 11ன் 2022 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயக்கிவிட்டது.

லேன், சவுண்டு டிரைவரில் இந்தப் பயம் குறைவு. போர்டு சிடியில் சேர்ந்து வரும் ஓவர்கிளாக், ஃபேன் கன்ட்ரோல், பயாஸ் அப்டேட் செயலிகள்தான் பெரும்பாலும் வில்லங்கம். அவற்றைச் சேமியுங்கள், போடாதீர்கள்.


பதிவு 18
மெய்நிகர்_மாணிக்கம்

சரி, ஒப்புக்கொள்கிறேன், என் பதிவை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இதையெல்லாம் பொதுவில் ஏற்றுவது சட்டப்படி சரியா?


பதிவு 19
ரிச்சி_வாசல்

கறாராகப் பார்த்தால் இல்லை. டிரைவரின் உரிமை செய்த நிறுவனத்துடையது. "எங்கள் சாதனத்தோடு பயன்படுத்தலாம்" என்றுதான் பெரும்பாலும் அனுமதி, மற்றவருக்குக் கொடு என்று இல்லை. ஸ்னாப்பியில் நிரல் மட்டும்தான் கட்டற்றது, உள்ளே உள்ள டிரைவர்கள் அப்படி இல்லை. பனைமரம் சொன்ன ஃபர்ம்வேரை டெபியன் தொடாமல் விட்டதும் இதனால்தான். செத்துப்போன சாதனத்துக்கு வழக்குப் போட யாருக்கும் நேரமில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்த உலகமே ஓடுகிறது. நீக்கச் சொன்னால் நீக்கிவிட வேண்டியதுதான். சீரியல் எண் கேட்கும் மென்பொருள்களை மட்டும் அதோடு கலக்காதீர்கள்.

இப்போது அண்ணாச்சிக்கு. சிடியிலிருந்து ஃபோல்டரை ஜிப் செய்து 'சவுண்டு டிரைவர் நியூ' என்று பெயர் வைக்காதீர்கள். என்னிடமே அப்படி முப்பது கோப்பு இருக்கிறது, எது எதற்கென்று கடவுளுக்குத்தான் தெரியும். சிடியை முழுசாக ஒரே நகல் கோப்பாக, ஐஎஸ்ஓவாக எடுங்கள். லேபிளை ஸ்கேன் செய்யுங்கள், அதில்தான் பார்ட் நம்பரும் வருஷமும் இருக்கும். எந்தப் போர்டோடு வந்தது, ரிவிஷன் எத்தனை என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். ஒரே மாடல் போர்டில் ரிவிஷன் மாறினால் லேன் சிப்பே மாறிவிடும். பக்கத்தில், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க எஸ்எச்ஏ-256 மதிப்பு. எந்த மெஷினில் எந்த விண்டோஸில் ஓடியது என்று ஒரு வரி. கோப்பைவிட அந்த ஒரு வரிதான் தேடி வருகிறவனுக்கு வேண்டும்.

945, 865 போர்டு சிடிகள் ஊரெல்லாம் இருக்கின்றன, அவற்றைக் கடைசியில் பாருங்கள். யாரும் கேள்விப்படாத மோடம், டிவி ட்யூனர், மல்டிபோர்ட் சீரியல் கார்டு, யூபிஎஸ் மென்பொருள் இருந்தால் அவற்றை முதலில்.


பதிவு 20
தாள்சுருள்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். மொத்தம் 61. வட்டு வட்டாகத் தரையில் பரப்பியதும் வீட்டுக்காரி "கொலு வைக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டு, ஆச்சரியம், தானும் உட்கார்ந்து லேபிள் துடைத்துக் கொடுத்தாள். 44 சுத்தமாகப் படித்தது. 9 படிக்கவே இல்லை, கையால் எழுதிய சிடிஆர், அடியில் சாயம் வெளிறிவிட்டது. மீதி 8 திக்கித் திணறுகிறது. அதே சிடி ஒரு டிரைவில் நின்றுபோய், பழைய ஐடிஇ டிரைவில் போட்டால் ஓடுகிறது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது என்பதை மறந்துபோய் ஒன்றைக் கெடுத்தும்விட்டேன்.

அரிதாகத் தெரிபவை: உள்ளமை மோடம் 5 வகை, இரண்டு டிவி ட்யூனர் (ஒன்று பிலிப்ஸ் 7134 சிப்), எட்டுப் போர்ட் சீரியல் கார்டு ஒன்று, டாட் மேட்ரிக்ஸுக்குத் தமிழ் அச்சு வட்டு ஒன்று. என் 945 போர்டு சிடியும் கிடைத்துவிட்டது. அதே பெட்டியில், கடைசியிலிருந்து மூன்றாவது.


பதிவு 21
வூடூ_மாமா

எப்போதும் அப்படித்தான்.


பதிவு 22
கேசட்_செல்வம் (தூத்துக்குடி)

இந்த இழைக்காகவே இன்று கணக்குத் திறந்தேன். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். விஹெச்எஸ் கேசட்டை எல்லாம் டிஜிட்டலாக மாற்றித் தருகிறேன், இப்போது அதற்குத்தான் ஆள் வருகிறது. 7134 சிப் கார்டு ஒன்று இருக்கிறது, சிடி இல்லை. பொது டிரைவர் போட்டால் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. தாலி கட்டும்போது மேளச் சத்தம் இல்லாமல் எப்படிக் கொடுப்பது? உங்கள் சிடி கிடைக்குமா அண்ணாச்சி?


பதிவு 23
தாள்சுருள்

செல்வம் தம்பி, அந்தச் சிடி திக்கித் திணறும் எட்டில் ஒன்று. ஐடிஇ டிரைவில் போட்டிருக்கிறேன், 81 சதவீதத்தில் நிற்கிறது. கார்டின் 'சப்ஸிஸ்' எண்ணை அனுப்புங்கள். சிப் ஒன்றாக இருந்தாலும் சத்தத்துக்கான இணைப்பு கார்டுக்குக் கார்டு மாறும்.


பதிவு 24
கேசட்_செல்வம்

படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். கடைசி நாலு இலக்கம் 1131.


பதிவு 25
தாள்சுருள்

என் சிடியின் இன்ஃப் கோப்பில் அந்த எண் இருக்கிறது. ராத்திரி ஒன்றரைக்குப் படித்து முடித்தது, லேபிள் படத்தோடு ஆர்க்கைவில் ஏற்றியிருக்கிறேன். செட்டப்பை ஓட்ட வேண்டாம், அது கூடவே ஒரு பழைய டைரக்ட்எக்ஸைத் திணிக்கிறது. டிவைஸ் மேனேஜரிலிருந்து 'டபிள்யூடிஎம்' ஃபோல்டரை மட்டும் காட்டுங்கள். மேளச் சத்தம் வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், எந்த விண்டோஸ் என்பதையும் சேர்த்து.